கயிறு மாறுவதற்கு முன்

கிளியனூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். திண்டிவனம் – புதுச்சேரி சாலையை ஒட்டி அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம் இருக்கிறதாம். மாமரத்தடியில் கொட்டகையும் போட்டாயிற்றாம். நான்கு வயதுக் கறுப்பு மார்வாரி ஆண்குதிரை ஒன்றைக் கைப்பேசி வீடியோவில் பார்த்திருக்கிறார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சுழி சுத்தம், மேளத்துக்கு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆடுகிறது. "ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துடலாமா அண்ணே?" என்பது கேள்வி.

வேண்டாம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை போங்கள், பாருங்கள். பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

நம் ஊரில் மாடானாலும் குதிரையானாலும் விற்றவர் கையிலிருந்து வாங்கியவர் கைக்குக் கயிறு மாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. திருவிளையாடலில் பாண்டியனுக்குக் குதிரை கொண்டுவந்த சிவபெருமானும் கயிறு மாற்றித்தான் ஒப்படைத்தார். அன்றிரவே பரியெல்லாம் நரியான பிறகு பாண்டியனால் கேட்க முடிந்தது குதிரை வாங்கப் போன அமைச்சர் வாதவூரரை மட்டுந்தான், விற்றவரை அல்ல. சந்தையில் இன்றைக்கும் அதுதான் நடைமுறை. அதனால் கேட்க வேண்டியது, தொட வேண்டியது, பரிசோதிக்க வேண்டியது எல்லாம் கயிறு மாறுவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். என் முதல் குதிரை ஒரு செந்நிறப் பெட்டை. ஒரு சந்தையில் அரை மணி நேரம் பார்த்தேன். கண் அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். நான்காம் நாள் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. மருத்துவர் வந்து, முட்டிக்குக் கீழே காலின் பின்பக்கம் இரண்டு விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினார். பாதி வழியில் அவர் விரல் நின்றது. "இங்க பாருங்க" என்று என் விரலைப் பிடித்து வைத்தார். விறைத்த கயிறு போல இருக்க வேண்டிய தசைநாண் அந்த இடத்தில் வில்லாகப் புடைத்திருந்தது, பழைய காயம். விற்ற தரகரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தப் பெட்டை பதினோரு வருடம் என்னோடு இருந்தது. ஒரு நாளும் அதன்மேல் சவாரி செய்யவில்லை. சந்தையில் அதே காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். குனிந்து தொட்டிருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும்.

ஆகவே முதலில் எந்தக் குதிரை என்பதைப் பேசிவிடுவோம். விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக் குதிரை என்றாலே செஞ்சி தேசிங்கு ராஜாதான் நினைவுக்கு வருவார். யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவர், 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்டவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மனம் அடங்காத குதிரையைத்தான் தேடும். நீங்கள் தேட வேண்டியது அதற்கு நேர்மாறானது. எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள், காயடித்த ஆண் அல்லது சாதுவான பெட்டை, புதிதாகச் சவாரி பழகியவர்களைச் சுமந்து பழகியது. காயடிக்காத ஆண்குதிரை, பெட்டை வாசம் காற்றில் வந்தால் உங்களை மறந்துவிடும். நான்கு வயதுக் குதிரை இன்னும் பள்ளிப்பிள்ளை. அதற்குக் கற்றுக்கொடுக்கக் கற்றவர் வேண்டும். கற்காத இருவர் சேர்ந்தால் அடிபடுவது இருவருமேதான்.

ஆடும் குதிரை வேண்டவே வேண்டாம். அந்த ஆட்டத்தை எப்படிப் பழக்கினார்கள் என்பது வாயைத் திறந்து பார்த்தால் பல நேரம் தெரிந்துவிடும். உதட்டு ஓரத்தில் தழும்பு, நாக்கில் வெட்டு. முள் வைத்த கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் பார வண்டி விலங்கு வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. இருந்தும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வாய்க்கு லகானைத் தொட்டாலே பயம். பயந்த குதிரை நிற்காது, மேலே எழும்பும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை மலிவாகக் கிடைக்கிறது என்றும் சொல்வார்கள். நல்ல உயிர்கள்தான், ஆனால் ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

சுழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுழி பார்க்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. ஆனால் சந்தையில் சுழிக்கும், நாலு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணிக்கும் தனி விலை உண்டு. அந்த விலை குதிரையின் காலுக்கோ குணத்துக்கோ போவதில்லை. சுழி சரியில்லை என்று நாலு பேர் ஒதுக்கிய குதிரை, கால் சுத்தமாக, குணம் தங்கமாக, குறைந்த விலைக்கு நிற்கும். வீட்டில் பெரியவர்கள் சம்மதித்தால் அதைப் பாருங்கள்.

எங்கே பார்ப்பது? ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் கட்டாயம் போய்வாருங்கள். மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை, மட்டக்குதிரை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். நுனிக்காது உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுவதை, 60 இஞ்ச், 62 இஞ்ச் என்று உயரம் சொல்வதை, துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவதை எல்லாம் பார்த்தால் கண் பழகும். ஆனால் முதல் குதிரையை அங்கே வாங்காதீர்கள். லாரியில் வந்த களைப்பும் கூட்டமும் சத்தமும் குதிரையின் உண்மைக் குணத்தை மறைத்துவிடும். அதன் வீட்டில், அதன் லாயத்தில் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் ரெட் எர்த் என்ற குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. வாங்கும் முன் ஆறு மாதமாவது ஏதாவது ஒரு பள்ளியில் சவாரி பழகுங்கள். சவாரி மட்டும் போதாது, சாணி அள்ளுவதும் குளம்பு சுரண்டுவதும் சேர்த்து. பார்க்கப் போகும்போது அங்கே பழகிய அனுபவசாலி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். உங்கள் கண் ஆசையில் இருக்கும், அவர் கண் காலில் இருக்கும்.

"நாங்க வர்ற வரைக்கும் குதிரையைப் பூட்ட வேண்டாம், ஓட்ட வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ச் சேருங்கள். போனதும் காதுக்குப் பின்னாலும் பிடரிக்கு அடியிலும் சேணம் படும் முதுகிலும் கை வையுங்கள். ஈரமாகவோ உப்புப் பூத்தோ இருந்தால் விடியற்காலையிலேயே ஓட்டிக் களைக்கவைத்து உங்கள் முன்னால் சாதுவாக நிறுத்தியிருக்கிறார்கள். கண் சொருகி, கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து நின்றால் மயக்க மருந்தோ என்று சந்தேகப்படலாம். பிறகு ஒரு ஓரமாக நின்று பாருங்கள். குதிரையைப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்புகிறதா, வயிற்று வாரை இறுக்கும்போது காதை மடக்கிப் பல்லைக் காட்டுகிறதா, சேணம் போட இரண்டு பேர் வேண்டியிருக்கிறதா? நாளைக்கு உங்கள் கொட்டகையில் அந்த வேலையை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குப் பார்த்தே தீர வேண்டும். முன்பற்களில் நடுஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். கீழ்ப்பல்லின் மேல்தளத்தில் இருக்கும் கறுத்த குழி நடுவில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் ஏறக்குறைய தேய்ந்து மறையும். பத்து வயது வாக்கில் மேல் ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு கோடு தோன்றும்; பதினைந்தில் பாதி வரை, இருபதில் முழுப்பல்லுக்கும் இறங்கும். நாட்டுத் தீனியில் பல் முன்பின்னாகத் தேயும், ஆகவே ஒன்றிரண்டு வயது தள்ளிச் சொன்னால் அது பொய் என்று சண்டைக்குப் போக வேண்டாம். எட்டு என்று சொல்லிப் பதினெட்டு நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். முன்பல்லின் விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால், அது கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம்.

இனி கால். நான்கையும் தொடுங்கள். இடதும் வலதும் ஒரே சூடாக, ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். என் பெட்டையின் கதையை நினைத்துக்கொண்டு முன்னங்கால் தசைநாணில் விரலை ஓட்டுங்கள். குளம்பைத் தூக்குங்கள், சண்டை போடாமல் தர வேண்டும். அடியில் ரப்பர் போன்ற முக்கோணப் பகுதியின் ஓரப் பள்ளத்தைச் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாகக் கசிந்து அழுகல் நாற்றம் வந்தால் ஈரத்தில் நின்ற குளம்பு. குணப்படுத்தலாம், ஆனால் விற்பவரின் பராமரிப்பு எப்படி என்று அது சொல்லிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் மண்ணும் சேறாகும். கொட்டகைத் தரையை ஒரு முழமாவது உயர்த்திப் போடுங்கள்.

பிறகு கெட்டியான தரையில், தார்ச்சாலையானாலும் சரி, குதிரையைக் கயிற்றில் பிடித்து நேர்கோட்டில் முதலில் நடத்தியும், பிறகு டிராட் என்ற மித ஓட்டமாக ஓட்டியும் காட்டச் சொல்லுங்கள். கயிறு தளர்வாக இருக்க வேண்டும். தலையை இறுக்கிப் பிடித்து ஓடினால் தலையாட்டத்தை மறைக்கிறார்கள். முன்னங்கால் வலிக்கும் குதிரை அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையும் கேளுங்கள். நாலு குளம்பும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். கடைசியாக, முதலில் உடையவர் ஏறிக் காட்டட்டும், அடுத்து உங்களோடு வந்தவர், அதற்குப் பிறகு நீங்கள். உடையவர் ஏற மறுத்தால் நீங்களும் ஏறாதீர்கள்.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 165 செ.மீ., நீளம் 145 செ.மீ. என்றால் சுமார் 332 கிலோ. சேணத்தோடு சேர்த்து அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சுமக்கலாம் என்பது பொதுவான அளவு. அதாவது 66 கிலோ. உங்கள் எடையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதல் பார்வை பிடித்திருந்தால் வந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சொல்லாமல் இன்னொரு முறை போங்கள். வலிமருந்து ஊசியின் தயவில் நேராக நடந்த குதிரை அன்றைக்கு நொண்டும். இரண்டாம் முறையும் பிடித்தால் கால்நடை மருத்துவரை அழைத்துப் போங்கள். விற்பவரின் மருத்துவர் வேண்டாம், உங்களுடையவர். குதிரை பார்த்துப் பழகியவர் கிடைக்காவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், சென்னை வேப்பேரி கல்லூரியிலும் விசாரியுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. நம் வெயிலில் மூச்சு கொஞ்சம் கூடும். ஓட்டம் முடிந்த பிறகு வியர்க்கிறதா என்பதையும் பாருங்கள். வறண்ட ஊரிலிருந்து நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்வை நின்றுபோகும்; சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனையில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதலாவது கிளாண்டர்ஸ். மூக்கில் சீழும் தோலில் கட்டிகளுமாக வரும், சில நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. மனிதருக்கும் தொற்றும், கொல்லும். நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதற்கான தலைமை ஆய்வகம். உங்கள் மருத்துவர் வழியாக மாதிரி அனுப்பலாம். இரண்டாவது, மாட்டு ஈக்கள் கடித்துப் பரப்பும் சர்ரா. கழுவேலி ஏரியும் கால்நடையும் பக்கத்தில் இருக்கும் ஊரில் அதை மறக்கக் கூடாது. முடிவு வரும்வரை விலை பேசலாம், பணம் தரலாகாது.

உங்கள் ஊரைப் பற்றி மூன்று விஷயம். நீங்கள் இருப்பது செம்மண், ஆனால் கிழக்கே மரக்காணம் பக்கம் போனால் மணல். தரையில் கொட்டிய தீனியோடு மணலும் போனால் குடலில் தங்கிச் சூலை வரும். சாணி உருண்டை நாலைந்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விடுங்கள். அடியில் மணல் படிந்தால் தீனித்தொட்டியை உயரே தூக்குங்கள். மரக்காணம் உப்பளம் பக்கத்தில் இருக்க, உங்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு 30 கிராம் கல்லுப்பு தீனியில் சேரட்டும், வியர்க்க வேலை செய்த நாளில் இன்னும் கொஞ்சம். ஆனால் உப்பங்கழித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். உங்கள் போர் தண்ணீர் கரித்தால் இப்போதே பரிசோதித்துவிடுங்கள்.

மாட்டுக்கு வைத்திருக்கும் கோ-4 புல்லையே குதிரைக்கும் போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டுமே தீனியானால் அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும், எலும்பு பலவீனமாகும். தவிட்டை அள்ளிப் போட்டாலும் அதே கதிதான். அருகம்புல், உலர்ந்த சோளத்தட்டு, வேகவைத்த கொள்ளு எல்லாம் கலந்து, 332 கிலோக் குதிரைக்கு நாளுக்கு ஆறரைக் கிலோ உலர் தீனிக் கணக்கில் கொடுங்கள். கடையில் வாங்கும் மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதையும் தராதீர்கள். அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையைக் கொன்றுவிடும்.

எல்லாம் சரியாக வந்து கயிறு மாறும் நாள் வந்தால், குதிரையை லாரியில் ஏற்றக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். விடியற்காலையில் கிளம்புங்கள். அதன் பழைய வீட்டில் தின்ற அதே தீனியில் இரண்டு மூட்டை விலைக்கு வாங்கி அதே லாரியில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் புல்லை அதோடு கைப்பிடி கைப்பிடியாகக் கலந்து, பத்து நாளில் மாற்றுங்கள். மாமரத்தடியில் அது தனியாக நிற்கப் போகிறது. துணைக்கு உங்கள் பசுவைக் கண்ணில் படுகிற தூரத்தில் கட்டி வையுங்கள்.