விளக்கும் வீட்டுக் கணக்கும்

தறியில் அமர்பவருக்கும் விடியுமுன் பால் கறப்பவருக்கும் விளக்கும் ஒரு தொழிற்கருவியே. நூல் விலையையும் எரு விலையையும் நுணுகிக் கணக்கிடும் நாம், விளக்குக்குச் செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிடுவது அரிது. இம்மாதப் பாடமாக அதனை ஆராய்வோம்.

1. அளவு

1000 வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஒரு யூனிட் செலவாகும். 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 17 மணி நேரத்தில் ஒரு யூனிட்டைக் குடித்துவிடும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு, ஒரு யூனிட்டில் 111 மணி நேரம் எரியும். குண்டு பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே கழிவதே இதற்குக் காரணம்.

2. வரவும் செலவும்

எல்.இ.டி. பல்பின் விலை ரூ. 100, ஒரு யூனிட்டின் விலை ரூ. 5 என்று கணக்கிற்காகக் கொள்வோம்.

மாட்டுக் கொட்டிலில் இரவு 10 மணி நேரம் எரியும் 60 வாட் பல்பு, 60 நாட்களில் 36 யூனிட் கொள்ளும். 9 வாட் பல்பு 5.4 யூனிட்டே கொள்ளும். மிச்சம் 30.6 யூனிட், அதாவது ரூ. 153. முதல் மின் கட்டணத்திலேயே பல்பின் விலை திரும்பிவிடும்.

குளியலறையில் நாளொன்றுக்கு அரைமணி நேரமே எரியும் பல்பை மாற்றினால், 60 நாட்களில் மிஞ்சுவது ரூ. 7.65 மட்டுமே. போட்ட பணம் திரும்ப இரண்டாண்டுக்கு மேல் ஆகும். ஆதலின் நெடுநேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுக. மற்றவை பழுதாகும்போது மாற்றினால் போதும்.

3. இலவச மின்சாரம் பெறுவோர்

தமிழ்நாட்டில் 2016-இல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் என்றாயிற்று. கைத்தறி நெசவாளருக்கு 200 யூனிட் என்றிருந்தது 2023-இல் 300 ஆக உயர்ந்தது. இவ்வளவுக்குள் அடங்கும் குடும்பத்திற்குப் பல்பை மாற்றுவதால் கட்டணம் குறையாது. அளவைத் தாண்டுவோருக்கே ரொக்கப் பயன் உண்டு. 2022-ஆம் ஆண்டுக் கட்டண முறையில், 500 யூனிட்டைக் கடந்தவர்க்குக் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் கூடிற்று. எல்லைக்கோட்டின் அருகில் உள்ளோர் இதனை நினைவிற் கொள்க.

4. வாங்கும்போது கவனிக்க

வாட்டை மட்டும் பார்த்து வாங்கலாகாது. வெளிச்சத்தின் அளவு லூமென். 60 வாட் பல்புக்கு ஈடாக 800 லூமென் வேண்டும். நட்சத்திரக் குறியையும் உத்தரவாதக் காலத்தையும் பார்க்க வேண்டும். நிறத்தைச் சரியாகக் காட்டாத விளக்கு தறிக்கு ஆகாது. சாய நூலைப் பகலொளியில் ஒப்பிட்டுப் பார்ப்பதே நன்று. பழைய சி.எஃப்.எல். பல்பில் பாதரசம் உண்டு. அதனை எருக்குழியில் எறிதல் கூடாது.

பயிற்சி

நும் வீட்டு விளக்குகளின் வாட்டையும் எரியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுக. தேவையானோர் பட்டியலைச் சங்கத்தில் சேர்த்து மொத்தமாகக் கொள்முதல் செய்தால், விலையிலும் உத்தரவாதத்திலும் பேசும் வலிமை நமக்குக் கிட்டும். தனியொருவர் கடையில் பெறமுடியாத சலுகையைக் கூடிப் பெறுவதே கூட்டுறவு.