சவுதிக்கு ஒன்று, குவைத்துக்கு வேறு

கேள்வி: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்த மகனுக்கு சவுதி, குவைத் இரண்டிலும் வேலை கிடைக்கும்போல. பட்டத்துக்கு அட்டஸ்டேஷன் எங்கே வாங்குவது?
– வாசகர், நெய்வேலி

பதில்: எந்த நாடு என்று முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: சென்னையில் உயர்கல்வித் துறையின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் நேரில் வாங்காது. அது நியமித்த ஏஜென்சிகள் வழியாகத்தான் போக வேண்டும். அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் என்ற சான்றுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கென்று கணக்குக் கேளுங்கள்.

சவுதி 2022 டிசம்பர் முதல், அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. பட்டத்தின் பின்புறம் ஒட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கரே போதும். தூதரகப் படியேற வேண்டாம். குவைத் அதில் சேரவில்லை, ஆகவே தூதரக முத்திரையும் தேவை.

பத்திரமாக இருக்கட்டுமென்று பட்டத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஸ்டிக்கரும் முத்திரையும் தாளின் மேல்தான் விழ வேண்டும்.