மணல் வடிகட்டியைப் பேணும் முறை

காணிக்குத் திரும்பியதும் நாம் முதலில் செய்வது கிணறு இறைப்பதுதான். ஆனால் பக்கத்தில் மலசலகூடக் குழி இருந்தால், எத்தனை முறை இறைத்தாலும் கிருமி வந்துகொண்டேயிருக்கும். இதற்கு வீட்டு மணல் வடிகட்டி நல்ல துணை.

உயரமான தொட்டியில் அடியிலே சல்லி, அதன்மேல் கழுவிய நுண்மணல். கடல்மணல் வேண்டாம். வெளியே நீர் விழும் குழாயின் வாய் மணல்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். அப்போதுதான் மணல் ஒருபோதும் காயாது.

கிருமியைப் பிடிப்பது மணல் மட்டுமல்ல. மணலின் மேற்புறத்தில் மெல்ல வளரும் உயிர்ப்படையும்தான். அது முற்ற 3, 4 வாரங்கள் செல்லும். அதுவரை கட்டாயம் கொதிக்க வைத்துக் குடியுங்கள்; பின்னரும் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. நாள்தோறும் நீர் ஊற்றாவிட்டால் படை பட்டினி கிடந்து சாகும். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் மணம் போகும்வரை அந்நீரை ஊற்றாதீர்கள். ஓட்டம் மந்தமானால் மேல்மணலைக் கையால் கலக்கி, கலங்கல் நீரை அள்ளிவிட்டால் போதும். மணல் முழுவதையும் கொட்டிக் கழுவுவோர் (துப்புரவில் நம்மவர் அப்படி!) மறுபடி முதல் வாரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

உப்பையும் நைத்திரேற்றையும் இது பிடிக்காது. யூரியா அதிகம் இட்ட தோட்டங்களுக்கு நடுவிலுள்ள யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில், லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று தாண்டியிருக்கிறது. கொதித்து நீர் வற்ற வற்ற அது செறியும். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைப்பவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்று நீரைச் சோதிப்பியுங்கள். முடிவு தெரியும்வரை அந்நீரைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.