கொட்டித் தீர்க்கும் மழை

கேள்வி: முன்பெல்லாம் எங்கள் தோட்டத்தில் மழைக்காலம் எதுவென்று தெரியும். இப்போது வெயில் நீள்கிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மழை உண்மையிலேயே மாறிவிட்டதா?
– வாசகி, ரந்தாவ், நெகிரி செம்பிலான்

பதில்: மாறித்தான் வருகிறது, அம்மா. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி சில மணி நேரத்தில் மழையாக இறங்கும்போது மண்ணால் குடிக்க முடிவதில்லை. ஆண்டு மொத்த மழை பெரிதாக மாறாமலே வெள்ளமும் வறட்சியும் வரலாம். எனவே ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த வட்டாரம் எனப் பெயர்பெற்ற ஜெலுபு உங்கள் மாநிலத்தில்தான் உள்ளது. அந்த மாநிலத்தையும் 2021 டிசம்பர் வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

பால்மரம் வெட்டுவோருக்கு விடியற்கால மழைதான் பெரும் இழப்பு. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அன்றைய வருமானமும் போகும். செம்பனைக் காட்டிலோ மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. வெட்டிய ஓலைகளைச் சரிவின் குறுக்கே அடுக்கச் சொல்லுங்கள். மரத்தடிப் புல்பூண்டை முற்றாக மருந்தடித்துக் கருக்க விடாதீர்கள்.