ஜீவகாருண்யமும் குடலின் நீளமும்

நாகப்பட்டினம்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புலால் உண்பதை நீ விட்டுவிட்டாய் என்பதையும், உன் அம்மா விடுதிக்கு அனுப்பிய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டாய் என்பதையும், மனித சரீரம் தாவர ஆகாரத்துக்காகவே அமைந்தது, நம் பல்லும் குடலும் அதற்குச் சாட்சி என்று நீ விஸ்தாரமாக எழுதியிருந்த வாதத்தையும் நிதானமாக வாசித்தேன். உன் அறைத்தோழியோ, மாமிசம் தின்றதனால்தான் மனிதனுக்கு மூளை வளர்ந்தது, அதை விட்டவர்கள் சோகை பிடித்துப் போவார்கள் என்று சாதிக்கிறாளாம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டிருக்கிறாய்.

நாம் மீன் உண்ணும் குடும்பம். இந்த வயதிலும் நான் மீன் குழம்பை விட்டவனல்லன். என் சொல்லில் பக்ஷபாதம் இருக்குமோ என்று தோன்றினால் அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே வாசி. நீ புலாலை விட்டதில் எனக்குக் கிஞ்சித்தும் வருத்தமில்லை. நல்லதொரு தீர்மானத்தை நிலையில்லாத அஸ்திவாரத்தின்மேல் கட்டியிருக்கிறாயே என்பதுதான் என் கவலை.

குடலின் விஷயத்தை முதலில் பார்ப்போம். மாமிசம் தின்னும் மிருகங்களின் குடல் உடலைப்போல் மூன்று மடங்கு, மனிதனுடையது பன்னிரண்டு மடங்கு என்று எழுதியிருக்கிறாய். மனிதனுடைய சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ந்து ஏறக்குறைய 7 மீட்டர் இருக்கும்; அதை நாம் நிற்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் நான்கு, நாலரை மடங்குதான் வரும். காலையும் தலையையும் நீக்கி முண்டத்தை மாத்திரம் அளந்தால் பத்தும் பன்னிரண்டும் வரும். எதைக் கொண்டு அளக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும் கணக்கை ஆதாரமாகக் கொள்ள முடியுமா? நீளத்தைக் காட்டிலும், குடலில் எந்தப் பகுதி பெரிது என்று கேட்பதே பொருத்தம். இலையையும் தண்டையும் தின்னும் கொரில்லா அவற்றைப் பெருங்குடலில் நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்தே சத்தைப் பெறுகிறது. ஆகவே அந்த இனத்து வாலில்லாக் குரங்குகளுக்குக் குடலின் கொள்ளளவில் பாதிக்கு மேல் பெருங்குடல். நமக்கோ பாதிக்கு மேல் சிறுகுடல். சத்துச் செறிந்ததும் எளிதில் ஜீரணமாவதுமான ஆகாரத்துக்கு ஏற்ற அமைப்பு அது. அந்த ஆகாரம் வெந்த கிழங்காகவும் இருக்கலாம், மாமிசமாகவும் இருக்கலாம்.

இதைக் கொண்டு உன் தோழி வெற்றி கொண்டாடவும் இடமில்லை. மாமிச பக்ஷிணி என்றால் பூனைதான் மாமிச பக்ஷிணி. டாரின் என்ற சத்தைத் தன் உடலில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள அதனால் இயலாது; காரட்டில் உள்ள மஞ்சள் சத்தை ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்ளவும் இயலாது; இரண்டும் மாமிசத்திலிருந்தே அதற்குக் கிடைத்தாக வேண்டும். நமக்கு அந்த நிர்ப்பந்தமில்லை. நீயே ஒரு கவளம் வெறுஞ்சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பார். சற்று நேரத்தில் அது தித்திக்கத் தொடங்கும். மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் என்ற ரசம் நம் உமிழ்நீரிலேயே ஊறுகிறது. தானியத்தையும் கிழங்கையும் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்த ஜனங்களுக்கு அதை உண்டாக்கும் மரபணுவின் பிரதிகள் அதிகமென்றும் கண்டிருக்கிறார்கள். அதே சமயத்தில், எத்தியோப்பியாவில் ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மிருக எலும்புகளின்மேல் கல்லாயுதத்தால் சதையை அறுத்த கீறல்கள் காணப்படுகின்றன. பழமும் இலையும் தின்று சாதுவாக வாழ்வதாக எண்ணப்பட்டிருந்த சிம்பன்சிகள் மாமிசம் தின்பதை 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பேக் காட்டில் அவற்றை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையார் பிரத்தியட்சமாகக் கண்டார். ஆகையால் மனித சரீரம் கிடைத்ததைக் கொண்டு பிழைக்கப் பழகிய சரீரம் என்பதற்குமேல் பல்லும் குடலும் எதையும் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வட துருவப் பிரதேசத்தில் எஸ்கிமோக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களைப் போலவே மீனும் மாமிசமும் தவிர வேறொன்றும் உண்ணாமல் ஆரோக்கியமாகத் திரும்பிவந்த ஸ்டெஃபான்சன் என்ற யாத்திரிகர் சொன்னதை வைத்தியர்கள் நம்பவில்லை. ஆகவே 1928-இல் அவரும் அவருடைய சகாவான ஆண்டர்சனும் நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் வைத்தியர்களின் கண்காணிப்புக்கு உட்பட்டு, ஓராண்டுக் காலம் மாமிசத்தை மட்டுமே உண்டு வாழ்வதற்கு இசைந்தார்கள். ஆரம்பத்தில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய சதையை மாத்திரம் கொடுத்தார்கள். இரண்டொரு நாளில் வயிற்றோட்டமும் சோர்வும் கண்டு படுத்துவிட்டார். கொழுப்பைச் சேர்த்துக் கொடுத்ததும் தேறிவிட்டார். ஈரல், மூளை, எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் உண்ட அவ்விருவருக்கும் ஆண்டு முடிவில் எலுமிச்சையும் காய்கறியும் இல்லாதவர்களுக்கு வரும் ஸ்கர்வி நோயும் வரவில்லை, வேறு குறிப்பிடத் தக்க கேடும் காணப்படவில்லை. இதை உன் தோழிக்குச் சொன்னால் மகிழ்வாள். ஆனால் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் இரண்டே பேர் என்பதையும், காலம் ஒரே ஆண்டு என்பதையும், செலவுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சி வியாபாரிகளின் சங்கம் என்பதையும் சேர்த்தே சொல். மாமிசத்தைக் கொண்டு மனிதன் உயிர் வாழ முடியும் என்பது அதில் தெரிகிறது. முப்பது ஆண்டுகளில் இருதயமும் ரத்தக்குழாயும் என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை.

உனக்கு இன்னும் அருகிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கும் நீ என்றைக்காவது மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூருக்கு மலையேறினால் அங்கே பாஸ்டர் நிலையத்தைப் பார்ப்பாய். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய போஷாக்கு நிலையம் 1918-இல் அங்கேதான் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கியது. அதைத் தொடங்கிய மக்காரிஸன் என்ற வைத்தியர் இந்தியாவின் பற்பல பிரதேசத்து ஜனங்கள் உண்ணும் ஆகாரங்களை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி ஆகியவற்றோடு வாரம் ஒரு முறை கொஞ்சம் மாமிசமும் சேர்ந்த சீக்கியருடைய ஆகாரத்தை உண்ட எலிகள் யாவற்றிலும் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் நம்பியிருந்த நம் சென்னை ராஜதானி ஆகாரத்தை உண்டவை கடைசியில் நின்றன. இதற்குள் மாமிசமே காரணம் என்று நீ அவசரப்பட்டுவிடக் கூடும். வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட தேநீர், டப்பியில் அடைத்த மாமிசம் என்று இங்கிலாந்து ஏழைகள் உண்டதையும் அவர் ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றியதோடு நில்லாமல், சில வாரங்களில் தங்களுள் நலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தலைப்பட்டன. மாமிசம் இருந்தும் அங்கே காப்பாற்றவில்லை. பாலும் கீரையும் தவிடு நீங்காத தானியமும் இருந்த இடத்தில் அது வாரத்துக்கொரு துண்டுக்குமேல் தேவைப்படவுமில்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொன்னவர்கள் இல்லை.

பிற்கால ஆராய்ச்சிகளும் இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய மாமிசம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-இல் தீர்ப்பளித்தது. தினம் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் சாத்தியம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கு. உன் விடுதியருகே காகிதப் பெட்டியில் விற்கிறார்களே, அந்த சாஸேஜும் சலாமியும் இந்த வகைதான். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், சைவ ஆகாரக்காரர்களுக்கு இருதய ரத்தக்குழாய் அடைப்பு 22 சதவீதம் குறைவென்றும், பக்கவாதம் 20 சதவீதம் அதிகமென்றும் 2019-இல் வெளியிட்டார்கள். இருபக்கத்தாரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீ இரண்டு பாதியையும் வைத்துக்கொள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கோம்பேச் சிம்பன்சிகள் மாமிசம் தின்றதைக் கண்டார்கள் என்றேனே, அவை தம் இனத்துக் குட்டிகளையே கொன்று தின்றதையும் அங்கேதான் கண்டார்கள். இயற்கையில் நடப்பதெல்லாம் நாம் பின்பற்றத் தக்க தர்மமாகிவிடாது. ஆகவே, மனிதன் இயற்கையில் மாமிசம் தின்றானா இல்லையா என்ற கேள்விக்கு எந்த விடை வந்தாலும், ஓர் உயிரைக் கொல்லாமல் வாழ முடிகிறபோது கொல்லலாமா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும். வள்ளுவர் புலான்மறுத்தலைத் துறவறவியலில், அருளுடைமையை அடுத்து வைத்தார். நோய்க்கும் ஆகாரத்துக்கும் உரிய மருந்து என்ற அதிகாரத்திலோ, செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொன்னாரேயன்றிப் புலாலைப் பற்றிப் பேசவேயில்லை. அருளுக்கு அவர் ஆரோக்கியத்தைத் துணைக்கழைக்கவில்லை. ஊன்சோறு உண்டதை மறையாமல் பாடிய கபிலரும் இதே தமிழ் மரபில்தான் இருக்கிறார் என்பதையும் நீ மறக்கலாகாது.

காந்தியடிகளின் வாழ்க்கையையும் நினைத்துப் பார். 1888-இல் லண்டனுக்குப் போன அந்த வாலிபர் முதலில் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் மாமிசத்தைத் தொடாமல் இருந்தார். பின்னர் சைவ ஆகாரத்தை ஆதரித்துச் சால்ட் என்பவர் எழுதிய புஸ்தகத்தை வாசித்து, மனப்பூர்வமாக அந்த விரதத்தை ஏற்றார். பசுக்களைப் படுத்தும் பாட்டை அறிந்து பாலையும் விட்டார். 1918-இல் கடும் வயிற்றுக்கடுப்பால் உயிருக்கு மன்றாடிய பிறகு ஆட்டுப்பாலை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பாலுக்கு ஈடான தாவரப் பொருளைத் தாம் காணவில்லை என்று அவர் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். அஹிம்சையில் அவருக்கு இணையாக யாரைச் சொல்வது? அவர்கூடச் சரீரத்தின் தேவையை மறைத்துக் கொள்கையை அழகுபடுத்தவில்லை.

நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதால் சில காரியங்களைச் சொல்லுகிறேன். பி12 என்ற வைட்டமின் எந்தத் தாவரத்திலும் நம்பத் தக்க அளவில் இல்லை. நுண்ணுயிர்களே அதை உண்டாக்குகின்றன, மிருகங்களின் மூலமாகவே நமக்கு அது வந்துசேருகிறது. கொல்லும் சோகை என்று பெயர் பெற்ற நோயால் வாடியவர்களுக்கு 1926-இல் மைனாட், மர்பி என்ற அமெரிக்க வைத்தியர்கள் தினம் ஈரலை ஊட்டிப் பிழைக்க வைத்தார்கள். அந்த ஈரலில் இருந்த பொருளை 1948-இல் சிவந்த படிகங்களாகப் பிரித்தெடுத்தபோதுதான் அது இந்த வைட்டமின் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு இரண்டரை மைக்ரோகிராம் போதும். ஆனால் அது இல்லாமற்போனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் ஊதிப் பருத்துவிடும், கையும் காலும் மரத்துப் போகும், ஞாபகம் தடுமாறும். ஈரலில் சேமித்த கையிருப்பு சில ஆண்டுகள் வரும் என்பதால் குறை இப்போது உனக்கு வெளியே தெரியாது, அதுதான் ஆபத்து. பாலும் தயிரும் தினம் சேர்த்துக்கொள். அவற்றையும் விட எண்ணினால் மாத்திரையை விடாதே. கொல்லாமை விரதத்துக்கு அதனால் பங்கமில்லை. இரும்புச் சத்தும் அப்படியே. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு, மாமிசத்தில் உள்ளதைப்போல் எளிதில் உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் ஒட்டாமல் போகும். உன் காப்பிப் பழக்கம் எனக்குத் தெரியும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுள்ளவர்கள் என்று கண்டார்கள். அவர்களில் புலால் உண்பவர்களும் ஏராளம். ஆகவே இது உன் விரதத்தின்மேல் நான் சுமத்தும் பழியன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனத்தை மிகவும் உறுத்துவது அதுதான். நம் தேசத்தில் ஒருவன் என்ன உண்கிறான் என்பதைக் கேட்டு அவன் எந்த ஜாதி என்று அளப்பதும், அளந்தபின் தாழ்த்துவதும் பழைய கொடுமை. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனிடம் புலால் உண்பாயா என்று விசாரித்துக் கதவைச் சாத்தும் வழக்கம் இன்றைக்கும் நம் நகரங்களில் இருக்கிறது. ஆட்டுக்கும் கோழிக்கும் இரங்கும் நெஞ்சு, வாசலில் நிற்கும் மனிதனை அவமதிக்கலாமா? நம் பள்ளிகளில் சத்துணவோடு முட்டை கொடுக்கிறார்கள். உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். வீட்டில் பாலும் பருப்பும் காணாத குழந்தைக்கு அந்த முட்டை எவ்வளவு பெரியது என்பதை நீ அறிய வேண்டும். உன் விரதம் உன்னுடையதாகவே இருக்கட்டும். பசித்தவன் இலையைப் பார்த்து முகம் சுளிக்கும் உரிமை அதனால் உனக்கு வந்துவிடவில்லை.

நீ திருப்பி அனுப்பிய தொக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெத்திலிக் கருவாட்டை ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, வெந்நீரில் ஊறவைத்து, கடற்கரை மணல் பல்லில் நறநறவென்று படாதபடி மறுபடி மறுபடி அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு பதமாக வதக்கி, முதுகு வலியோடு அடுப்பங்கரையில் நின்று உன் அம்மா செய்தது அது. பொட்டலம் திரும்பி வந்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. மீன் உண்பது மனித இயற்கைக்கு விரோதம் என்று நீ இணைத்திருந்த சீட்டைத்தான் மடித்து அரிசிப் பானைக்கடியில் வைத்திருக்கிறாள். நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது. குடலையும் பல்லையும் அதில் கொண்டுவராதே. கொல்வது எனக்குப் பொறுக்கவில்லை அம்மா என்று மாத்திரம் எழுது. அவள் உடனே புரிந்துகொள்வாள். வரும் பொங்கலுக்கு உனக்கென்று தனிச் சட்டியில் கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைப்பாள். அவளும் நானும் உண்ணும் மீன் குழம்பு பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். நீ பந்தியை விட்டு எழாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஊருக்கு வருமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, ஹீமோகுளோபின் எவ்வளவு, பி12 எவ்வளவு என்ற விவரத்தை எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் தாத்தா