கல்லெழுத்தும் ஒளிப்படமும்

நுழையும்முன்

ஒளிப்படக் கருவி இன்று பெரும்பாலோர் கையில் இருக்கிறது. எடுத்த படத்தை வெளிச்சமாக்கவும் கூர்மையாக்கவும் வெட்டிச் சுருக்கவும் சில நொடிகளே போதும். ஆயினும், ஒரு படம் சான்றாக நிற்க வேண்டுமெனில் எடுப்பதிலும் சேமிப்பதிலும் திருத்துவதிலும் ஓர் ஒழுங்கு தேவை. அவ்வொழுங்கை ஒருவர் தமக்கெனத் தாமே வகுத்துக்கொள்ளும் முறையைக் கல்வெட்டு ஒளிப்படங்களின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

இருபத்தொரு படங்கள், ஒரு நெடும்படம்

1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படம்பிடித்தார் லின்னேயஸ் ட்ரைப். ஆங்கிலப் படை அலுவலரான அவர், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவர். அவர் எடுத்த 21 படங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே நெடும்படமாயின. கருவியின் உயரம், சுவரிலிருந்து அதன் தொலைவு, படங்களின் வரிசை ஆகிய மூன்றில் எது பிறழ்ந்தாலும் இத்தகைய இணைப்பு கைகூடாது. கணினி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒளிப்படக் கலைஞருக்குப் பணியொழுங்கு இன்றியமையாததாக இருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

படத்தைத் திருத்துவதும் கணினியோடு பிறந்த வழக்கமன்று. அக்காலத்து வேதிப்பூச்சு நீல ஒளியால் மிகுதியாகத் தாக்குறும் தன்மையது. எனவே வானம் வெறும் வெண்பரப்பாகவே பதிந்தது. ட்ரைப் தம்முடைய காட்சிப் படங்கள் பலவற்றின் எதிர்மறைத் தாளில் வண்ணம் தீட்டி, அச்சில் மேகங்கள் தோன்றுமாறு செய்தார். ஒரு கோபுரத்தின் பின்னே மேகம் சற்றுக் கூடுதலாகத் தெரிவதால் கோபுரத்தைப் பற்றிய செய்தி பெரிதும் மாறிவிடுவதில்லை. கல்லெழுத்தின் நிலை அவ்வாறன்று.

தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றில் மெய்யெழுத்தின்மேல் புள்ளி இடப்படுவதில்லை. சிலவற்றில் ஆங்காங்கே இடப்பட்டிருக்கும். துணைக்காலும் ரகரமும் பெரும்பாலும் ஒரே வடிவில் அமைந்திருக்கும். 'கலம' எனப் பொறிக்கப்பட்டிருப்பதைக் 'கலம்' எனப் படிப்பது படிப்போரின் புலமை. அம்மகரத்தின் தலையில் மெய்யாகவே உளி பதித்த ஒரு புள்ளி இருந்து, படத்தைத் தூய்மை செய்தவர் அதனை அழுக்கு எனக் கருதி அழித்துவிட்டால், பல நூற்றாண்டுகளாகக் கல் காத்துவந்த சான்று ஒன்று ஒரு விரலசைவில் மறைந்துவிடும். படம் முன்னிலும் அழகாகத் தோன்றுவதால், மறைந்தது என்ன என்று எவரும் ஐயுறவும் மாட்டார்.

ஒளி வரும் திசை

எழுத்து, கல்லில் வெட்டப்பட்ட ஒரு பள்ளம். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். நண்பகலில் கல்லின் முகத்துக்கு நேராக ஒளி பாயும்போதும், கருவியிலுள்ள மின்னொளியை நேரே வீசும்போதும் எழுத்துகள் தட்டையாகி மறைகின்றன. ஒளி கல்லின் பரப்பைத் தழுவிச் செல்லுமாறு சாய்வாக வரும்போது தேய்ந்த கீறலும் தலைகாட்டுகிறது. சுவர் நோக்கியிருக்கும் திசையைப் பொறுத்து இந்த வேளை மாறுபடும். ஆதலின் கல்வெட்டைப் படமெடுக்க விரும்புவோர் முதல் நாள் வெறுங்கையோடு சென்று, வெயில் எப்போது அச்சுவரைத் தழுவுகிறது என்று பார்த்து வருவதே சிறந்த தொடக்கம். விலையுயர்ந்த கருவியைவிட இந்த ஒரு நாள் பயன் மிக்கது.

இங்கு நுட்பமான ஓர் இடர் உண்டு. ஒளி எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசைக்கு இணையாகச் செல்லும் கோட்டில் நிழல் விழுவதில்லை. இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளியில் எழுத்தின் செங்குத்துக் கோடுகள் தெளிவாகத் தெரியும், கிடைக்கோடுகளோ மங்கிவிடும். ஒரே படத்தை நம்பிப் படிப்பவர், இருக்கும் கோட்டை இல்லை எனக் கொள்ள நேரும். எனவே, நிழலான இடத்தில் கருவியை அசையாது நிறுத்தி, கைவிளக்கை இடம், வலம், மேல் எனத் திசை மாற்றிப் பிடித்து ஒரே பகுதியை மும்முறையேனும் எடுத்தல் வேண்டும்.

விளக்கைக் கீழிருந்து பிடித்தால் மற்றொரு மயக்கம் தோன்றும். ஒளி மேலிருந்து வருவதையே கண் எதிர்பார்த்துப் பழகியுள்ளது. கீழிருந்து ஒளியூட்டிய படத்தில் பள்ளமான எழுத்து மேடாகத் தோன்றலாம். நல்ல படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தே இம்மயக்கத்தை உணரலாம்.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் அதை நிரப்பிவிட்டுப் படமெடுக்கும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. அது கல்லுக்கும் கேடு, படிப்புக்கும் கேடு. சுண்ணக்கட்டியின் வெண்கோடு சிற்பியின் எழுத்தைக் காட்டுவதில்லை. பூசியவர் எவ்வாறு படித்தார் என்பதையே காட்டுகிறது.

கருவியின் முகம் கல்லின் முகத்துக்கு இணையாக இருத்தல், ஓரத்தில் அளவுகோல் வைத்தல், நீண்ட கல்வெட்டாயின் அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கேனும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தல் ஆகியவை பழகினால் தாமே கைவரும். ஒளியளவை மட்டும் ஒவ்வொரு முறையும் கவனித்தல் வேண்டும். கருவியின் திரையில் தோன்றும் ஒளிப்பரவல் வரைபடம் வலது ஓரத்தில் முட்டி நின்றால், வெளிச்சம் மிக்க இடங்கள் வெறும் வெண்மையாகிவிட்டன என்பது பொருள். சுண்ணாம்பு பூசிய கோயிற்சுவரில் இது எளிதில் நிகழும். கருமையில் ஆழ்ந்த பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முற்றிலும் வெளுத்துப்போன பகுதியில் மீட்பதற்கு ஒன்றுமில்லை.

மூலக் கோப்பு

படவுணரி பெற்ற தரவுகளை அப்படியே வைத்திருப்பது 'ரா' எனப்படும் மூலக் கோப்பு. அதிலிருந்து கருவியே சிலவற்றைத் தேர்ந்து, சிலவற்றைக் கழித்துச் சுருக்கித் தருவது ஜேபெக் கோப்பு. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் மூலக் கோப்பிலோ 16,384 படிநிலைகள் இடம்பெறும். தேய்ந்த எழுத்தின் பள்ளத்துக்கும் அதன் அருகிலுள்ள கல்லுக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய வேறுபாடு. அவ்வேறுபாட்டைத் தாங்கும் இடம் மூலக் கோப்பில்தான் உள்ளது. திறன்பேசிகள் பலவற்றிலும் இன்று இவ்வசதி உண்டு. அது இல்லாத கருவியில் எடுப்போர், முதலில் எடுத்த ஜேபெக்கைத் தொடாமல் வைத்து, அதன் படியில் மட்டும் திருத்தம் செய்யலாம். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிக்குந்தோறும் அதன் தரம் குறைந்துகொண்டே வரும்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய முதற்பணி திருத்தமன்று, படியெடுத்தல். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என மூன்று படிகள் அமைந்த பின்னரே நினைவட்டையை அழித்தல் தகும். கோப்பின் பெயரில் நாள், இடம், சுவர், வரிசை எண், ஒளி வந்த திசை ஆகியவை இருப்பின், பத்து ஆண்டுகளுக்குப் பின் திறப்பவருக்கும் குழப்பம் நேராது. '03_தென்சுவர்_மேலொளி' என்ற பெயர் ஒரு சிறு குறிப்பேட்டின் வேலையைச் செய்யும்.

திருத்தத்தின் எல்லை

வெள்ளைச் சமனைச் சரிசெய்தல், படம் முழுவதற்கும் ஒருசேர ஒளியையும் நிழலையும் கூட்டிக் குறைத்தல், சாய்வை நிமிர்த்தல், அளவுகோல் விடுபடாமல் ஓரத்தை வெட்டுதல் ஆகியன கல் சொல்வதைக் கேட்க உதவும் திருத்தங்கள். ஓர் எழுத்தை மட்டும் தனியே கருமையாக்குதல், வெடிப்பை மறைத்தல், புள்ளிகளைத் துடைக்கும் கருவியை எழுத்தின்மேல் ஓட்டுதல் ஆகியவை கல்லின் வாயில் சொல்லைத் திணிப்பவை. இவற்றுக்கு நடுவே கூர்மையாக்கல் நிற்கிறது. அளவோடு செய்தால் விளிம்பு தெளியும். மிகுந்தால் விளிம்பை ஒட்டி இல்லாத வெண்கோடு முளைக்கும். அந்த வெண்கோட்டை ஒரு கீறல் என்று படிப்போரும் இருப்பர்.

இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் பெருகியுள்ளன. அவை தாம் பழகிய படங்களின் அடிப்படையில், இல்லாத நுணுக்கத்தை ஊகித்து நிரப்பக்கூடியவை. முகத்துக்கு அது அழகு சேர்க்கலாம். பாதி தேய்ந்த எழுத்தை அது நிரப்பினால், அவ்வெழுத்தைப் பொறித்தது உளியா செயலியா என்று பிரித்தறிய வழியில்லை. கல்வெட்டுப் பணியில் அவற்றைத் தவிர்ப்பதே தக்கது.

மூலக் கோப்பைத் திருத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலத்தை மாற்றுவதில்லை. என்னென்ன மாற்றம் செய்ய வேண்டும் என்னும் கட்டளைகளை மட்டும் தனியே குறித்துவைக்கின்றன. எனவே எந்தத் திருத்தத்தையும் பின்வாங்கலாம். திருத்திய நாளன்றே படத்தை முடித்துவிடாமல் மறுநாள் மீண்டும் பார்த்தல் நன்று. இரவில் கண்ணுக்குப் பழகிப்போன மிகைநிழல் காலையில் மிகையாகவே தெரியும்.

தெரிந்து தெளிவோம்

ஒரே பொருளைக் கருவியை அசைக்காமல் பல திசை ஒளிகளில் படமெடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து, பின்னர் விரும்பிய திசையிலிருந்து ஒளி விழுவதுபோலக் காணும் நுட்பத்தை டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் 2001இல் வெளியிட்டனர். அதன்வழி வளர்ந்த முறைகள் தொல்பொருள்களிலும் தேய்ந்த எழுத்துகளிலும் உள்ள நுண்கீறல்களைக் காணப் பயன்படுகின்றன.

தமக்கேற்ற ஒழுங்கு

மேற்கூறிய முறை எல்லார்க்கும் அப்படியே பொருந்தாது. தனியே செல்பவர் ஒரு கையில் விளக்கும் மறு கையில் கருவியும் பிடிக்க இயலாது. அவருக்கு முக்காலித் தாங்கியும், சில நொடி கழித்துப் படமெடுக்கும் அமைப்பும் தேவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தாங்கி வைக்க முன்னனுமதி வேண்டியிருக்கும். அது கிட்டாதபோது காலை வெயிலையே நம்புபவர் பணியின் வரிசை வேறாகும். இருவராகச் செல்வோரில் ஒருவர் குறிப்பெழுதலாம். ஆகவே பிறர் வகுத்த பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் எது விடுபட்டது, எந்தப் படம் படிக்கப் பயன்படவில்லை, ஏன் பயன்படவில்லை என்று இரண்டு வரி எழுதிவைப்பது நலம் பயக்கும். நான்கைந்து பயணங்களுக்குள் அவ்வரிகளே ஒருவருடைய பணியொழுங்காக உருப்பெற்றுவிடும்.

முடிந்த படத்தைக் கல்வெட்டறிஞரிடம் ஒப்படைக்கும்போது, திருத்திய படத்தோடு மூலக் கோப்பும், ஒளி மாற்றி எடுத்த பிற படங்களும், செய்த திருத்தங்களின் குறிப்பும் உடன்செல்ல வேண்டும். மகரத்தின் தலையில் தெரிவது உளியின் தடமா, பாசியின் கறையா என்னும் ஐயம் எழுந்தால், மூன்று திசை ஒளிகளையும் ஒப்பிட்டு அவரே முடிவு செய்துகொள்வார்.