ஸ்பானிய மொழியில் ‘பிடிக்கும்’, ‘பிடித்தது’

ஸ்பானிய மொழி கற்கப் புகும் நம்மவர் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வாயிலாகவே அதனை அணுகுகின்றனர். அதனால் விளையும் இடர், விருப்பத்தைக் கூறும் முதற்பாடத்திலேயே தலைகாட்டுகின்றது. ஆங்கிலத்தில் விரும்புவோனே எழுவாய். ஸ்பானியத்திலோ விரும்பப்படும் பொருள் எழுவாயாக, விரும்புவோன் நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்பான். ‘மே குஸ்தா எல் மார்’ என்பது ‘எனக்குக் கடல் பிடிக்கும்’ என்பதேயாம். ‘மே’ என்றால் ‘எனக்கு’. தாய்மொழியே வழிகாட்ட, ஆங்கிலத்தின் வழியே செல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

எனினும், தமிழ் முற்றும் கைகொடுக்கும் என்று எண்ணற்க. நூல் ஒன்றாயினும் பலவாயினும் நாம் ‘பிடிக்கும்’ என்றே கூறுகிறோம். ஸ்பானிய வினை எழுவாயின் எண்ணைத் தழுவி மாறும்: ‘மே குஸ்தா எல் லிப்ரோ’ (நூல்), ‘மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்’ (நூல்கள்). இடத்தையும் தழுவும். ‘மே குஸ்தாஸ்’ எனின் ‘உன்னை எனக்குப் பிடிக்கும்’ என்றாகும். ஆனால் அது பெரும்பாலும் காதற் குறிப்புடையது. நண்பரொருவரைப் பாராட்டக் கருதி யான் இதனைக் கூறி, அருகிருந்தோர் நகைக்க நாணியதுண்டு. அவ்விடத்து ‘மே காயெஸ் பியென்’ என்பதே தக்கது.

இறந்தகாலத்தில் இன்னும் விழிப்பு வேண்டும். அங்கு வடிவங்கள் இரண்டு. முடிந்துபோன ஓர் அனுபவத்திற்கு ‘மே குஸ்தோ’. நெடுநாள் நீடித்த விருப்பத்திற்கு ‘மே குஸ்தாபா’. 1605-லும் 1615-லும் இரு பகுதிகளாக வெளிவந்த செர்வாந்தேஸின் ‘டான் கிஹோத்தே’யைப் படித்து முடித்தவன் ‘மே குஸ்தோ’ என்பான். இளமையிற் கேட்டு மகிழ்ந்த கதைகளை நினைப்பவனோ ‘மே குஸ்தாபான் லோஸ் குவென்தோஸ்’ என்பான். விருந்துண்டு எழுந்தவன் ‘மே குஸ்தோ லா சோபா’ என்று சூப்பைப் புகழ்ந்தால் இல்லத்தார் மகிழ்வர். ‘மே குஸ்தாபா’ என்றானாயின், ‘முன்னெல்லாம் பிடித்தது போலும், இப்பொழுது?’ என அவர் ஐயுறக்கூடும்.

‘குஸ்தோ’ என்பதன் ஈற்றெழுத்தை அழுத்தி ஒலித்தல் வேண்டும். முதலெழுத்தை அழுத்தினால் அது தன்மை நிகழ்கால வினையாகிவிடும். ‘சுவைத்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. அப்பழம்பொருள் இன்னும் மறையவில்லை. ‘யோ குஸ்தோ தே’ என விரும்புவோனை எழுவாயாக்கும் வழக்கொன்றும் உண்டு. அதனை அரைகுறையாகக் கேட்டறிந்த மாணவன் ‘தே’ என்பதை விட்டுவிட்டு ‘யோ குஸ்தோ எல் மார்’ என்று எழுதினால், கடலை விரும்புகிறவனாக அன்றி, அதன் உப்புநீரைச் சுவைத்துப் பார்ப்பவனாக ஆகிவிடுவான்.